ஆறாவது கால்

காலை ஏழரை மணி. கடிகாரம் ஜப்பான் நேரம் காட்டியது. கேமரன் மலைக்கு அந்த உத்தரவு எட்டவில்லை போலும் — இன்னும் விடியவில்லை. பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்க நின்ற என் லாந்தர் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஒரு தேயிலைப் பெட்டி. பெட்டியின் மேல் சிவப்புத் துணி. துணியின் மேல் கோழிமுட்டை அளவில் ஒரு மஞ்சள் கல்.

தினமும் வடகிழக்கே திரும்பி ஜப்பான் சக்கரவர்த்திக்குக் குனிவோம். அன்று கல்லைப் பார்த்துக் குனியச் சொன்னார்கள்.

"கல்லுக்குள்ள என்னங்க இருக்கு?" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

"பூச்சி."

"பூச்சிக்கா கும்பிடு?"

"குனிடா. பூச்சி அறையாது. குனியலேன்னா அவரு அறைவாரு," என்றார் முனியாண்டி கங்காணி.

'அவரு' என்றால் தோட்டத்தை நடத்த வந்த ஜப்பானிய அதிகாரி. சொந்த ஊரில் கல்லூரியில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவராம். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அவருக்குப் பெயர் பூச்சித் துரை.

கல், ரிங்லெட் பக்கத்து ஓடையில் கிடைத்தது. உண்மையில் கல் அல்ல, மரப்பிசின். எத்தனையோ யுகங்கள் மண்ணுக்குள் கிடந்து இறுகியது. அம்பர் என்பார்கள். உள்ளே ஈயும் அல்லாத, கொசுவும் அல்லாத ஒன்று, நேற்றுத்தான் மாட்டிக்கொண்டதுபோல் சிறகை விரித்து நின்றது. இது உலகில் யாரும் எழுதாத இனம் என்று துரை முடிவு செய்துவிட்டார். முறைப்படி வர்ணித்துச் சக்கரவர்த்தியின் பெயரைச் சூட்ட வேண்டியதுதான் பாக்கி.

அவர் சொல்லச் சொல்ல டைப் அடிப்பது சின்னக் கிராணியான என் வேலை. சிறகு அடித்தாயிற்று. உணர்கொம்பு அடித்தாயிற்று. 'கால்கள்' என்ற சொல்லோடு தாள் மெஷினிலேயே நின்றுவிட்டது.

பூச்சி என்றால் ஆறு கால் வேண்டாமா? இதற்கு ஐந்துதான் தெரிந்தது. நொண்டிப் பூச்சிக்குச் சக்கரவர்த்தியின் பெயரா? துரையின் தலை தங்குமா?

ஒரு பக்கம் அம்பர் மங்கலாக இருந்தது. அதைத் தேய்த்தால் ஆறாவது கால் தெரியலாம். தேய்க்க வந்தவர் சூசை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளுக்குச் சாணை பிடிப்பவர். போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஆள் ஏற்ற வாராவாரம் வரும் லோரியில், அந்த வெள்ளிக்கிழமை போக வேண்டியவர்.

"கால் தெரியிற வரைக்கும் இவன் எனக்கு வேணும்" என்று துரை மலாயில் சொல்லிவிட்டார்.

கங்காணி என்னிடம் ஓடி வந்தார். "ஆளு குறைஞ்சா என்னையே ஏத்திடுவான்லா!"

அன்று முதல் மொத்த லயமும் ஒரு காலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது — அது தெரிந்துவிடக் கூடாதே என்று. சூசையின் மனைவி ஆரோக்கியம் புனித அந்தோணியார் படத்துக்கு முன்னால் மண்டியிட்டார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அல்லவா அவர்?

"அந்தோணியாரே, எத்தனையோ தேடிக் குடுத்திருக்கீங்க. இதை மட்டும் தேடிடாதீங்க சாமி!"

சூசை தேய்த்தார். சாம்பல் தொட்டு, சாக்குத் துணியால், தூங்கும் பிள்ளையைத் தடவுவதுபோல் தேய்த்தார். என்ன பயன்? வியாழக்கிழமை பிற்பகல் என்னைக் கூப்பிட்டார்.

"கிராணி ஐயா... வந்துடுச்சு."

குனிந்து பார்த்தேன். வயிற்றுக்கு அடியில், மடித்து வைத்தபடி, ஆறாவது கால். பழுதில்லாமல் இருந்தது.

சூசை என்னைப் பார்த்தார். அப்புறம் துணியைக் கீழே வைத்துவிட்டுச் சாணைக் கல்லை எடுத்தார்.

சாயங்காலம் துரை பூதக்கண்ணாடியோடு வந்தார். ஒரு பக்கம் அம்பர் தட்டையாகியிருந்தது. காலையில் ஐந்து கால், இப்போது நான்கு.

"காக்கி மானா?" என்றார். கால் எங்கே?

"நடந்து போயிருக்கும், துவான்," என்றார் சூசை.

அறை விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. சாணை பட்ட இடத்தைத் துரை வெகுநேரம் கண்ணாடியால் பார்த்தார். பூச்சிப் பாடம் நடத்தியவருக்கு அது புரியாமலா இருக்கும்? பிறகு மெதுவாகச் சொன்னார்: "பெலும். லாகி." இன்னும் தெரியவில்லை... மேலும் தேய்.

எனக்கு மட்டும் ஒன்று தெரியும். ஆராய்ச்சி முடிந்ததும் பர்மா போர்முனைக்குப் புறப்படும்படி துரைக்கு வந்திருந்த உத்தரவு, என் டைப்ரைட்டருக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.

அப்புறம் லோரி வரும் ஒவ்வொரு வாரமும் பூச்சி கொஞ்சம் குறைந்தது. தேட வேண்டிய கால்கள் கூடின. துரை தலைமையகத்துக்குத் தவறாமல் தகவல் அனுப்பினார்: ஆராய்ச்சி முன்னேறுகிறது. நாங்கள் தவறாமல் குனிந்தோம். வேலையை முடித்தவனை யார் வைத்துக்கொள்கிறார்கள்? முடிக்காதவனுக்குத்தான் மதிப்பு. பல ஆபீஸ்களில் இன்றும் பார்க்கிறேன்.

ஜப்பான் சரணடைந்தபோது துரை கல்லைச் சூசையின் கையில் வைத்துவிட்டுப் போனார். போன ஞாயிற்றுக்கிழமை பிரிஞ்சாங்கில் சூசையின் வீட்டில் அதைப் பார்த்தேன். அந்தோணியார் படத்துக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் இருக்கிறது. உள்ளே ஒரு சிறகு. கால் ஒன்றுகூட இல்லை. "தேடிக் குடுக்காததுக்கு நன்றி" என்று ஆரோக்கியம் இன்னும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்.

சூசை போகாத அந்த லோரி, ஒரு வாரம்கூடக் காலி இடத்தோடு மலை இறங்கியதில்லை.