மாலை போட்ட ஸ்விட்ச்

சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் முப்பது வருடம் வேலை பார்த்த பரமசிவத்தின் மகள் பூர்ணிமா. கொல்கத்தா பாலிகஞ்சில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினி வலையை ஒன்பது ஆண்டுகளாகப் பராமரித்தவள். ஒப்பந்த ஊழியர். நிரந்தரம் என்ற சொல் ஆண்டுதோறும் அடுத்த ஆண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வலை மொத்தமும் ஒன்றுதான். அதற்குள் பதிவு, ஸ்கேன், ஐசியூ என ஒவ்வொரு பிரிவையும் ஓர் எண் கொடுத்துத் தனியாகப் பிரித்திருப்பார்கள். அதற்கு வீலான் என்று பெயர். கணினிகளை இணைக்கும் பெட்டிகளுக்கு ஸ்விட்ச் என்று பெயர். பழைய கம்பெனி ஸ்விட்சுகளில் ஒன்றில் எண்ணை மாற்றினால் மற்றவை தாமாகவே மாற்றிக்கொள்ளும். புதிதாக வாங்கியவை வேறு கம்பெனி. அவற்றுக்கு அந்தப் பேச்சு புரியாது. பூர்ணிமா மாடி மாடியாக ஏறி, கையால் எண்களைத் தட்டுவாள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று ஒரு தடித்த நோட்டில் எழுதுவாள்.

பழைய ஸ்விட்சுகளிடம் ஓர் ஆபத்து உண்டு. அதிகமுறை திருத்தப்பட்ட பட்டியல் எதனிடம் இருக்கிறதோ அதையே மற்றவை நம்பிவிடும். மூடிவிட்ட ஹவுரா கிளையிலிருந்து அப்படிப் பலமுறை திருத்திய பட்டியலோடு ஒரு பெட்டி வந்தது. 'இதை வலையில் செருகாதீர்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதி அதன்மேல் ஒட்டி, அலமாரியில் வைத்தாள்.

இயந்திரங்களுக்குப் பூஜை போடும் விசுவகர்மா பூஜையன்று விடுப்பில் இருந்தவளுக்கு மேலாளர் வெங்கடநாராயணனிடமிருந்து போன்.

"பூர்ணிமா, எங்கம்மா இருக்கே? பதிவு நின்னுபோச்சு, ஸ்கேன் நின்னுபோச்சு!"

லோக்கல் ரயிலும் பேருந்தும் பிடித்து ஓடினாள். ஸ்விட்சுகள் அடுக்கிய ரேக்கில் ஹவுரா பெட்டி. நெற்றியில் சந்தனம், சாமந்தி மாலை. எச்சரிக்கைச் சீட்டு மாலைக்கு அடியில் இருந்தது. மாலை இல்லாவிட்டாலும் செருகியவர் அதைப் படித்திருக்க மாட்டார்.

"யார் சார் செருகினது?"

"பூஜை பண்ணின மெஷின். சும்மா வைக்கப்படாதேன்னு நான்தான்..."

மற்ற ஸ்விட்சுகள் ஹவுரா பட்டியலை நம்பித் தங்கள் எண்களை அழித்திருந்தன. நோட்டைத் திறந்து இரண்டு மணி நேரத்தில் எல்லா எண்களையும் மீட்டாள். வழக்கம்போல் அன்றைய பக்கத்தில் எழுதினாள்: 11.42, ஹவுரா ஸ்விட்ச், செருகியவர் வெங்கடநாராயணன்.

மறுநாள் அவர் அவளைத் தனியே அழைத்தார்.

"எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு ஏழு மாசம்மா. அந்தப் பெட்டிய கவனக்குறைவா நீதான் வெளியில விட்டுட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. அடுத்த நிரந்தர லிஸ்ட்ல உன் பேர்தான் முதல்ல. நம்ம தமிழ்ப் பொண்ண விட்டுடுவேனா?"

ஒன்பது வருடம் அவளிடம் தமிழில் பேசிய ஒரே அதிகாரி. எழுதிக் கொடுத்தாள்.

வீட்டில் பரமசிவம் கத்தினார். "யூனியன்ல கெடந்தவன் வீட்லயே இருக்கேன். ஒரு வார்த்தை கேக்காமலா கையெழுத்துப் போட்ட?"

"அவரு அப்படி இல்லப்பா."

துர்கா பூஜைக்கு முன் பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இல்லை. அவளுக்கு ஒப்பந்தமும் நீட்டிக்கப்படவில்லை. காரணம்: அவளே ஒப்புக்கொண்ட கவனக்குறைவு. பரிந்துரைத்தவர் வெங்கடநாராயணன். நோயாளிகளை மணிக்கணக்கில் தவிக்கவிட்ட கைக்கு ஓய்வூதியம் பத்திரம்; மீட்ட கைக்கு வெளியேறும் கடிதம். இதை விதி என்று சொல்லித் தேற்ற வந்த பக்கத்து வீட்டு வங்காள அண்ணியிடம் பூர்ணிமா சொன்னாள்: "விதி இல்ல பௌதி. ரெண்டு கையெழுத்து. ஒண்ணு அவரோடது, ஒண்ணு என்னோடது."

கடைசி நாள் அவர் அறைக்குப் போனாள். அங்கே வேறு இருவர் இருந்தார்கள்.

"நீங்கதானே சார் எழுதச் சொன்னீங்க?"

அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "இட் இஸ் யுவர் சிக்னேச்சர். நோட்டை ஹேண்ட் ஓவர் பண்ணு."

மேசையில் வைத்தாள். மற்ற இருவரும் கிளம்பியதும் அவர் பக்கங்களைப் புரட்டினார். செப்டம்பர் பதினேழு, விசுவகர்மா பூஜைப் பக்கத்தில் விரல் நின்றது.

"பூர்ணிமா..." தமிழ் திரும்பி வந்திருந்தது. "இந்த ஒரு பக்கத்த மட்டும் கிழிச்சுட்டுக் குடேன்மா."

"பின்பக்கம் ஐசியூ எண்கள் இருக்கு சார்," என்றாள் அவள், அடையாள அட்டையைக் கழற்றி நோட்டின்மேல் வைத்தபடி. "பார்த்துக் கிழிங்க."