தூணின் நாலாவது ஓரம்

என் மாமனாரின் ஸ்கூட்டர் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. ஸ்கூட்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது, மாமனாரும் போய்விட்டார். சாவியை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை. பாசம் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அந்தச் சாவியின் நுனி ஒரு காலத்தில் என் தூக்கத்துக்குள்ளேயே ‘டிர்ர்ர்’ என்று ஓடிக்கொண்டிருந்தது.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் பரம்பரையாக நிலம் வைத்திருந்த குடும்பம் அவருடையது. நான் பம்மலில், தோல் பதனிடும் ஷெட்டின் வாடையோடு சேர்த்துச் சோறு தின்று பழகிய ஒற்றை அறைக் குடித்தனக்காரன். சுவருக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். அவர் பெண் எதைப் பார்த்து என்னைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள் என்பது எனக்கே விளங்காதபோது, அவருக்கு விளங்கவில்லை என்று குறைப்பட முடியாது. கடைசிவரை அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. “டைல்ஸு, சாப்டியா?” என்பார். கேட்க அன்பாகத்தான் இருக்கும்.

பிரசவத்துக்கு அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பெண் குழந்தை. அஞ்சாம் மாதம் தாயையும் பிள்ளையையும் புருஷன் வீட்டில் கொண்டுவந்து விடுவது வழக்கம். அஞ்சாம் மாதம் வந்தது, அவர்கள் வரவில்லை. கேட்கப் போனவனுக்கு மாமனார் போர்ட்டிகோவின் சதுரத் தூணைக் காட்டினார். “கருங்கல் மாதிரி டைல்ஸ் வாங்கி வச்சுகீறேன். நீயே ஒட்டு. பாக்கறவன் கல்லுன்னே நம்பணும். முடிச்சுட்டு உன் பொண்டாட்டி புள்ளைய இட்டுகினு போ.”

இவ்வளவுதானா என்று சிரித்தேன். என் சிரிப்புக்கு எப்போதும் ஆயுசு கம்மி. அந்த டைலுக்குக் கல் நிறமெல்லாம் மேல்தோலில்தான், உள்ளே வெள்ளை. வெளிமூலையில் இரண்டு டைலின் ஓரத்தையும் பின்பக்கமாகச் சாய்த்து அறுத்து, முனையோடு முனை சேர்த்தால்தான் ஒரே கல்லாகத் தெரியும். சேர்கிற முனை முட்டை ஓடு மாதிரி இருக்கும், லேசாகப் பட்டாலே பெயர்ந்து வெள்ளை தெரியும். மூலையை மூடி ஸ்டீல் பீடிங் என்கிற மெல்லிய பட்டையை வைத்துவிட்டால் கவலையில்லை. சொன்னேன். “கல்லுக்கு எவண்டா கம்மல் போடுவான்?” என்றார்.

ஒவ்வொரு ஞாயிறும் நான் வேலைக்குப் போய் நின்றதும், மாமனார் ஸ்கூட்டர் சாவியைத் தூணின் ஓரத்தில் வைத்து மேலிருந்து கீழே இழுத்துச் சோதிப்பார். மூன்று ஓரங்களில் வழுக்கிக்கொண்டு போகும். சமையலறையைப் பார்த்த நாலாவது ஓரத்தில், இடுப்புயரத்தில், ‘டக்’. உளுந்தளவு வெள்ளைப் பொக்கை. “டைல்ஸு, உன் கல்லு பல்ல காட்டுதே” என்று பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுவார். நான் அவர்களைவிடச் சத்தமாகச் சிரிப்பேன். சிரிக்கிறவனுக்கு வலிக்காது என்று ஊரே ஒரு முடிவில் இருக்கிறது. அந்த முடிவை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். உடைத்து மறுபடி ஒட்டுவேன். அடுத்த ஞாயிறு அதே ஓரம், அதே உயரம், புதுப் பொக்கை. என் மனைவி ஜன்னல் வழியாகக் குழந்தையைக் காட்டுவாள். அது குப்புற விழக் கற்றது, தவழக் கற்றது. அதன் அப்பனுக்கு ஒரு மூலையை முடிக்கத் தெரியவில்லை.

மாமனார்தான் தட்டி உடைக்கிறார் என்று எனக்குப் பட்டுவிட்டது. கையும் களவுமாகப் பிடித்துப் பேச வேண்டிய வசனத்தைப் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு, ஒரு ஞாயிறு விடியலிலேயே போய் கேட்டுக்கு வெளியே ஒளிந்து நின்றேன்.

வந்தது என் மனைவி. இடுப்பில் குழந்தை, கையில் இஞ்சி நசுக்கும் இடிகல். ஓரத்தை விரலால் தடவி, இடம் பார்த்து, ஒரே தட்டு. அத்தனை சுத்தமான தட்டு தொழில்காரனுக்கே வராது. எங்கே தட்டினால் பெயரும் என்று கல்யாணமான புதிதில் அவளிடம் பீற்றிக்கொண்டவன் நான்தானே.

நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். பதறவில்லை. “இன்னிக்கு சீக்கிரமா வந்துட்ட,” என்றாள்.

“எதுக்கு?” என்றேன். மனப்பாடம் செய்ததில் மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான்.

“இங்க காத்து வருது, புள்ள தூங்குது. அங்க வந்து அந்த வாடைய மோந்துகினு உக்காரணுமா? நீதான் வாராவாரம் வரியே. அது போதும்.”

வாசலில் பல் துலக்கிக்கொண்டு மாமனார் நின்றிருந்தார். “நான் தட்றேன்னு நெனச்சுகினு இருந்தியா? நான் இன்னாத்துக்குத் தட்றேன், டைல்ஸு? எனக்குத் தூண் வேணும்.” நிதானமாக வாயைக் கொப்பளித்துவிட்டுச் சாவியை எடுத்து நாலாவது ஓரத்தில் இழுத்தார். ‘டக்’. “உடைச்சு ஒட்டு,” என்றார். ஒட்டினேன்.

மகள் இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறாள். பம்மல் அறையைக் காலி செய்துவிட்டு நான் அப்போதே இங்கே வந்துவிட்டேன். வீட்டோடு மாப்பிள்ளை, மன்னிக்கவும், வீட்டோடு டைல்ஸு. நான் வந்த வாரத்திலிருந்து அந்த ஓரம் உடையவே இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியை எடுத்து இழுத்துப் பார்க்கிறேன். நாலு ஓரத்திலும் வழுக்கிக்கொண்டுதான் போகிறது. நாலாவதில் மட்டும், இடுப்புயரத்தில், கை தானாக நின்றுவிடும். உள்ளே அவள் இஞ்சி நசுக்குகிற சத்தம் கேட்கும். அது ஓயும்வரை நின்றுவிட்டு, மிச்சத்தை இழுப்பேன்.