கூட வர்றவங்க சாகாத கதை

செங்கம் ரோட்டில் பிரவுசிங் சென்டரும் வாடகைப் புத்தகக் கடையும் சேர்த்து நடத்திவந்தேன். ஆசிரமங்களில் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போகும் இங்கிலீஷ் நாவல்கள்தான் என் சரக்கு. ரோல்-பிளேயிங் கேம் ஆட வருகிறவர்கள் தலையில் மந்திரவாதி, டிராகன் கதைகளைக் கட்டுவதில் நான் கில்லாடி. முதல் பாகத்தைப் படிப்பேன். மற்ற பாகங்களை அட்டையைப் பார்த்தே சிபாரிசு செய்துவிடுவேன். மாட்டிக்கொண்டதே இல்லை.

தினமும் கேம் ஆட வரும் பாஸ்கர் ஒருநாள் கம்ப்யூட்டர் பக்கமே போகாமல் நேராக என்னிடம் வந்தார். அவருடைய குழந்தை குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

“வீட்ல அழுதுகினே இருக்காங்கண்ணா. படிச்சு சொல்ல நம்ம கேம் மாதிரி கதை ஒண்ணு குடுங்க. நாலு பேரு சேந்து போவணும், ஜாலியா இருக்கணும். கூட வர்றவங்க யாரும் சாவக்கூடாது.”

“மூணு பாகம் இருக்கு. ஒரு எறும்புகூட சாவாது, எடுத்துனு போங்க” என்றேன்.

அடுத்த வாரம் மூன்றையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். குழந்தை பிழைத்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“மூணாவதுல கூட வர்ற குட்டிப் பையன் செத்துட்டாண்ணா. படிச்சுக்கினே வந்தவன் அப்படியே நின்னுட்டேன். அப்புறம், பொழச்சு வீட்டுக்குப் போயிட்டான்னு நானே கதை கட்டி சொல்லிட்டேன். நீங்க படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சில மாதங்கள் கழித்து அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“பாஸ்கர் சம்சாரம்ணா நான். அந்த மூணாவது புக்கு வேணும். அவரு கதை சொல்லிக்கினே இருந்தாரு, பக்கத்த மட்டும் திருப்பவே இல்ல. அப்பவே புரிஞ்சிடுச்சு. கேக்கத்தான் தைரியம் இல்ல, இப்ப இருக்கு. அந்தப் பையன் எப்படிண்ணா செத்தான்?”

புத்தகத்தை எடுத்தேன். அவ்வளவு நடந்த பிறகும் நான் அதைப் படித்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அதைச் சொன்னேன்.

அவர் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“அப்ப நீங்க மொதல்ல படிச்சிடுங்கண்ணா. நான் நாளைக்கு வரேன்.”

புத்தகக் கடை வைக்கும் தம்பிகளுக்கு நானும் அதையேதான் சொல்கிறேன். முதலில் நீங்கள் படித்துவிடுங்கள். புத்தகம் கேட்பவர்கள் நாளைக்கு வரட்டும்.