பெர்கனில் பார்த்த கட்டில்

பெருநாள் விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பு அப்பா போன் செய்தார். துபாய் ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பில் அவருக்கு அது கடைசி மாதம். ஊருக்கே திரும்பிவிட விசா கேன்சலுக்குக் கொடுத்தாகிவிட்டது.

"பாப்பா, லீவுல ஒரு நாள் வந்துட்டுப் போறியா? ரூம்ல எல்லாரும் கேக்குறாங்க."

அவருக்குப் பின்னாலிருந்து அறைக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார். "ஏம்மா, ஒம் படிப்பச் சொல்லிச் சொல்லியே ஒங்கப்பன் எங்க காதப் புண்ணாக்கிட்டாரு. ஒருக்கா மூஞ்சியக் காட்டிட்டுப் போ."

"லீவே இல்லப்பா. எனக்கு டூட்டி போட்டுட்டாங்க," என்றேன்.

பொய். அப்போது என் கைப்பையில் நார்வே போக விசா ஒட்டிய பாஸ்போர்ட் இருந்தது.

ஷார்ஜா ரோலாவில் நானும் ஒரு தோழியும் ஓர் அறையில் இருக்கிறோம். எனக்கு துபாயில் சரக்குக் கப்பல் அலுவலகம் ஒன்றில் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அதை நானும் மறப்பதில்லை, பிறரையும் மறக்க விடுவதில்லை. அலுவலகத்தில் அப்பாவைப் பற்றிக் கேட்டால் ஜெபல் அலியில் இருக்கிறார் என்று மட்டும் சொல்வேன். சாரம் கட்டுகிற வேலை என்று சொன்னதில்லை. மூன்று வருடமாக அவர்தான் பஸ் மாறி மாறி ரோலாவுக்கு வந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களை கேம்ப்புக்குள் விட மாட்டார்கள் என்பது எனக்கு வசதியாக இருந்தது. கேட் வரைக்கும் போகலாம் என்பதும் எனக்குத் தெரியும்.

நார்வேயில் நானும் தோழியும் போன பெர்கன் மழை ஊர். முதல்முறை போகிறவர்கள் விடக்கூடாத இடங்களை எல்லாம் பட்டியல் போட்டு எடுத்துப் போயிருந்தேன். சரிவு ரயிலில் மலையேறினோம். மேகம் விலகிய ஐந்து நிமிடத்தில் தீவுகளும் கடலும் கூரைகளும் தெரிந்தன. மீன் சந்தையில் ஒரு கிண்ணம் சூப் வாங்கி இருவரும் பங்கு போட்டோம். "மீன் கொழம்புக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்குடி," என்றாள் தோழி. துறைமுகத்தை ஒட்டிச் சிவப்பும் மஞ்சளுமாகப் பழைய மரவீடுகள் ஒன்றன்மேல் ஒன்று லேசாகச் சாய்ந்து நின்றன. அவற்றின் முன்னால் எடுத்த படங்களை, அப்பாவுக்கு மட்டும் தெரியாதபடி மறைத்து, ஸ்டேட்டஸில் போட்டேன்.

மூன்றாம் நாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு அப்படி ஒரு மரவீட்டுக்குள் போனோம். வழிகாட்டிப் பெண் விளக்கினார். பல நூறு வருடங்களுக்கு முன்பு ஜெர்மனியிலிருந்து கருவாட்டு வியாபாரத்துக்கு வந்தவர்கள் இருந்த இடம். எல்லாரும் ஆண்கள். அங்கே இருக்கும்வரை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. பெண்கள் உள்ளே வரக் கூடாது. தீப்பிடித்துவிடும் என்று அறையில் அடுப்பு கிடையாது, சமையலுக்குத் தனிக் கட்டடம். வேலை பழக வந்தவர்கள் அலமாரி மாதிரியான கட்டிலில் இரண்டிரண்டு பேராகப் படுத்தார்கள்.

"அப்படியே நம்ம கேம்ப்புல இருக்குற பேச்சிலர் ரூம்," என்று சிரித்த தோழி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கட்டில் குட்டையாக இருந்தது. தடுப்புக் கயிற்றுக்கு மேல் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். சட்டையை எங்கே மாட்டுவார்கள், இந்த மழையில் துணி எங்கே காயும் என்றெல்லாம் வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ஆட்களைப் பற்றி. என் அப்பா படுப்பது மேல் கட்டிலிலா கீழ்க் கட்டிலிலா என்றுகூட எனக்குத் தெரியாது.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை கேம்ப்புக்குப் போனேன். அப்பா இஸ்திரி போட்ட சட்டையுடன் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். வாட்ச்மேனிடம், "பாய், மேரா பேட்டி. ஆபீஸ் மே காம்," என்று அரைகுறை இந்தியில், என் மகள், ஆபீஸில் வேலை என்பதைச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "டூட்டி முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"டூட்டி இல்லப்பா. பொய் சொன்னேன். நார்வேக்குச் சுத்திப் பாக்கப் போயிருந்தேன்."

சாலையில் போன கன்டெய்னர் லாரி மறையும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க குளிருமே. ஸ்வெட்டர் வச்சிருந்தியா?"

அவர் திட்டினால் சொல்ல வேண்டிய பதில்களை பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். ஸ்வெட்டர் வைத்திருந்தேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அப்புறம் அந்தக் கட்டிலைப் பற்றிச் சொன்னேன். "அவ்வளவு குட்டையா? அதுல எப்படிப் படுப்பான் மனுசன்?" என்று வருத்தப்பட்டார்.

"ஒங்க கட்டிலப் பாக்கணும்ப்பா."

கொஞ்சம் தயங்கிவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் வீடியோ கால் வந்தது. வெயிலில் திரை தெரியவில்லை. துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்து மறைத்துக்கொண்டு பார்த்தேன். "டேய், கொடியில கெடக்குற லுங்கிய எடுங்கடா, பாப்பா பாக்குது," என்று அப்பா விரட்டிக்கொண்டிருந்தார். அறைக்காரர் ஒருவர் போனை வாங்கிக் காட்டினார்.

கீழ்க் கட்டில். திரையாக அம்மாவின் பழைய சேலை. இருபத்திரண்டு வருடமாக அப்பா படுத்த இடம்.

"நீ அங்க பாத்ததவிட இது பெருசு பாப்பா," என்று சொல்லிவிட்டு, நான் நம்புவதற்காகப் படுத்தும் காட்டினார். அவருடைய பாதங்கள் இரண்டும் கட்டில் கம்பிகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"ஆமாப்பா," என்றேன். "பெருசுதான்."