நெல்டா கொடுத்த முப்பது நாள்

செய்தி வந்தபோது காலை மணி பத்து இருபது. டாரா ஹென்ஸ்லி தொழிற்சாலையின் முதலுதவி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைக் காப்பகத்திலிருக்கும் மகளுக்காகப் பால் எடுத்துக்கொண்டிருந்தாள். இடைவேளை கால் மணி நேரம்தான். ஐந்து நிமிடம் கூடிவிட்டது, அதற்குத்தான் சூப்பர்வைசர் லீலண்ட் கதவைத் தட்டுகிறான் என்று நினைத்தாள்.

"வந்துட்டேன் லீலண்ட், பாட்டிலையாவது மூட விடு."

"அதுக்கில்ல டாரா. மெதுவா வா." கதவுக்கு அந்தப் பக்கம் நின்றே சொன்னான். "நெல்டா போயிட்டாங்க. வெளிய, அவங்க டிரக்குல. சீட்டுல சாஞ்சிருந்தாங்க. தூங்குறாங்கன்னு நெனச்சு அதட்டிட்டேன்."

அதட்டியதைத்தான் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

நெல்டா ராட்லிஃபுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்து நான்கு வருடம் அந்த ஒரே கூரையின் கீழ் கார் சீட்டுகளுக்கு உறை தைத்தாள். வாசலில் பெயர்ப்பலகை மூன்று முறை மாறியது, நெல்டாவின் மெஷின் மாறவில்லை. பருத்த உடம்பு, கரகரத்த குரல். வாரம் முழுக்க வாயில் வராத கெட்ட வார்த்தை கிடையாது; ஞாயிற்றுக்கிழமை அதே வாயால் பாப்டிஸ்ட் சபையில் முதல் வரிசையில் நின்று பாடுவாள்.

இருபத்து நான்கு வயதில், வேலைக்குச் சேர்ந்த வருடமே, அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். பன்னிரண்டாம் நாள் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள். தையல் பிரியாத உடம்போடு நாற்காலியில் மடித்த துண்டைப் போட்டு உட்கார்ந்தாள். அன்றைய சூப்பர்வைசர் வந்து, துண்டு கம்பெனியுடையதா, வீட்டிலிருந்து கொண்டுவந்ததா என்று விசாரித்தானாம். அந்த மகன் இப்போது டெக்சாஸில் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஃபோன் செய்வான்.

பிள்ளை பெறுவதற்கென்று அங்கே சம்பளத்தோடு லீவு இல்லை. ஊனக் காப்பீடுதான் உண்டு. பிரசவத்தைத் தற்காலிக ஊனம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஆறு வாரம், வயிற்றைக் கிழித்து எடுத்தால் எட்டு வாரம், சம்பளத்தில் பாதிக்குச் சற்று மேலே வரும். ஆனால் கையெழுத்துப் போட்டுப் பத்து மாதம் முடிவதற்குள் பிள்ளை பிறந்தால் ஒன்றும் வராது. இது காப்பீட்டுப் பத்திரத்தின் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் படித்தவள் அந்தத் தொழிற்சாலையில் நெல்டா ஒருத்திதான்.

ஒவ்வொரு நவம்பரிலும் காப்பீட்டுக்காரன் கேன்டீனில் மேசை போட்டு, ஒரு கிண்ணம் மிட்டாயும் பேனாக்களும் வைப்பான். யாரும் கூப்பிடாமலே நெல்டா போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வாள். டாரா அவளை முதன்முதலில் பார்த்தது அங்கேதான்.

"புதுசாடி நீ? கல்யாணம் ஆயிடுச்சா?"

"மே மாசம், மிஸ் நெல்டா."

"முதல்ல இதுல கையெழுத்து போடு. பத்து மாசம் ஆகாம பிள்ளை வெளிய வரக் கூடாது. அதுக்குத் தோதா நாள் பாரு. அதுவரைக்கும் உன் புருஷன் சோபாவுல படுக்கட்டும்."

காப்பீட்டுக்காரனுக்குக் காது சிவந்துவிட்டது. "மேடம், இதெல்லாம் நாங்க சொல்லக் கூடாது."

"நீ சொல்ல வேணாம் கண்ணு. நீ மிட்டாயைப் பாத்துக்கோ."

பெண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய் நாட்காட்டியைப் பார்த்தார்கள். அந்த ஊரில் நெல்டாவின் கணக்கில் பிறந்த பிள்ளைகள் பதினேழு.

டாரா மூன்று வருடம் காத்திருந்தாள். கடனில் பாதியாவது அடையட்டும் என்று அவள் கணவன் டிரெண்ட் சொல்லிக்கொண்டே இருந்தான். போன வருடக் கடைசியில், இனித் தள்ளிப்போட வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலை காப்பீட்டுக் கம்பெனியை மாற்றியது. எல்லோரையும் தாங்களே புதிய கம்பெனிக்கு மாற்றிவிடுவதாக ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். டாரா நெல்டாவைத் தேடிப் போய்க் கேட்டாள்.

"என் கணக்கு பழசுதானே மிஸ் நெல்டா? ஒண்ணும் ஆகாதே?"

"ஆள்தான் மாறியிருக்கான், பேப்பர் அதேதான். போ, போய்ப் புருஷனைச் சோபாவுலேர்ந்து எழுப்பு."

அந்த ஒரு வருடம் மட்டும் நெல்டா பத்திரத்தைப் படிக்கவில்லை.

ஜூனி அக்டோபர் மூன்றாம் தேதி, ஆபரேஷனில் பிறந்தாள். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. புதிய பத்திரம் ஜனவரி ஒன்றில் தொடங்குகிறது, பத்து மாதம் அன்றிலிருந்து எண்ணப்படும், நான்கு வாரம் குறைகிறது, வருந்துகிறோம்.

அன்று மாலை நெல்டா ஒரு பானை பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்துக்கொண்டு வந்தாள். டாரா வயிற்றைக் கையால் தாங்கியபடி எழுந்து கடிதத்தைக் கொடுத்தாள். நெல்டா நின்றபடியே இரண்டு தரம் படித்தாள்.

"நான்தானேடி சொன்னேன் உனக்கு."

"நீங்க என்ன பண்ணுவீங்க? கம்பெனிக்காரனே ஒரு வார்த்தை சொல்லல."

"அவன் சொல்லமாட்டான். அதுக்குத்தானே அத்தனை வருஷமா நான் அங்க நின்னேன்."

பிள்ளையைத் தூக்கச் சொன்னதற்கு, கை ஈரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். கை ஈரமாக இல்லை.

ஒருவர் சேர்த்துவைத்த லீவை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க அந்தத் தொழிற்சாலை அனுமதிக்கும். அதைப் பெரிய கருணையாக அறிவிப்புப் பலகையில் போட்டிருப்பார்கள். மறுநாள் நெல்டா ஆபீசுக்குப் போய், தன் பெயரில் இருந்த முப்பது நாளையும் டாராவுக்கு எழுதினாள். உங்களுக்கென்று ஒரு நாலு நாளாவது வேண்டாமா என்று ஆபீசிலிருந்த மிஸஸ் கிர்பி கேட்டாளாம்.

"எனக்கென்ன பிள்ளையா பொறக்கப் போகுது?" என்றாளாம் நெல்டா.

டாரா வீட்டில் இருந்தாள். புண் ஆறியது. ஜூனி முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். அவை நல்ல நாட்கள். அவை யாருடைய நாட்கள் என்று டாரா தினமும் நினைத்தாள் என்று சொன்னால் அது பொய். கடைசியில் பிள்ளைக் காப்பகத்தில் ஒரு இடம் காலியாயிற்று, உடனே சேர்க்காவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும் என்றார்கள். அதனால் ஐந்து நாள் மிச்சம் இருக்கும்போதே அவள் வேலைக்குத் திரும்பினாள்.

நெல்டாவின் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. இடது கையை அடிக்கடி உதறிக்கொண்டாள்.

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

"தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு. முப்பத்தி நாலு வருஷம் ஒரே பக்கம் தைச்சா கழுதைக்கும் பிடிக்கும்."

"டாக்டர்கிட்ட காட்டுங்க."

"லீவு ஏதுடி? வராம இருந்தா ஒரு பாயின்ட். ஏற்கெனவே ஏழு ஆயிடுச்சு. எட்டு ஆனா வெளிய போன்னுடுவான்."

"என்கிட்ட அஞ்சு நாள் மிச்சம் இருக்கு. திருப்பித் தந்துடறேன்."

"வெச்சுக்கோ. காப்பகத்துல விட்டா பிள்ளைக்கு வாரம் ஒரு காய்ச்சல் வரும். அப்ப என்ன பண்ணுவ?"

டாரா மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அந்தப் பதில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

இது நடந்து ஒன்பதாம் நாள், பத்து மணி இடைவேளையில், காற்று வேண்டும் என்று நெல்டா தன் டிரக்குக்குப் போனாள். இதயம் என்றார்கள். மெஷின்களை இருபது நிமிடம் நிறுத்தினார்கள். ரத்த உறவு இல்லாதவர்களுக்குச் சாவு லீவு கிடையாது. அடக்கம் சனிக்கிழமை என்பதால் யாருக்கும் பாயின்ட் விழவில்லை. மகன் டெக்சாஸிலிருந்து வந்து, கழுத்துப்பட்டை முடிச்சை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். சபைக் கூடத்தில் பெண்கள் கொண்டுவந்த பாத்திரங்கள் இரண்டு மேசை நிறைய இருந்தன. பிள்ளைகள் வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் அந்தம்மா கணக்கு," என்றான் லீலண்ட், சன்னல் வழியாகப் பார்த்து.

யாரோ சிரித்தார்கள். டாரா ஜூனியின் மூக்கைத் துடைக்கக் குனிந்துகொண்டாள்.

மிச்சமுள்ள லீவைக் கொடுத்தவருக்கே திருப்பித் தர ஒரு விண்ணப்பம் உண்டு. செய்தி வருவதற்கு இரண்டு நாள் முன்பு, சாப்பாட்டு இடைவேளையில், டாரா அதை மிஸஸ் கிர்பியிடம் கேட்டு வாங்கியிருந்தாள். தன் பெயரை எழுதினாள். நெல்டாவின் பெயரையும் வேலை எண்ணையும் எழுதினாள். எத்தனை நாள் என்ற கட்டத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.