நடுவில் இருந்த ஒரு ‘டபிள்யூ’

சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: ‘ரோசம்மா அக்கா வந்தார். தகப்பனார் பெயர் இல்லை.’

எங்கள் கோயிலின் பழைய அடக்கப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி வருகிறேன். ரோசம்மா அக்கா சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் பக்கத்து வீடு. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு தவக்காலத்தில், சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப்போன அப்பா ஆரோக்கியசாமி திரும்பவே இல்லை. இன்னொருத்தியோடு ஓடிவிட்டார் என்றது ஊர்.

“இன்னா தம்பி, அப்பா பேரு அதுல கீதா?”

“முழுப் பேரும் போட்டுப் பாத்தேன்க்கா. இல்ல.”

“அப்ப ஓடித்தான் பூட்டாரு. செத்துட்டாருன்னு இருந்தா அழுதுட்டுப் போயிருப்பேன்” என்று சிரித்தார். “சரி உடு, டீ ஆறுது.”

கிறிஸ்துமசுக்கு முன்பே அக்கா இறந்துவிட்டார்.

தை மாதம் வேறொருவருக்காக ஆரோக்கியமேரி என்ற பெயரைத் தேடினேன். ஆங்கில எழுத்துக்கூட்டல் தெரியாததால் முதல் மூன்று எழுத்தும் ஒரு நட்சத்திரக் குறியும் இட்டேன். அப்படித் தொடங்கும் பெயர்கள் எல்லாம் வந்தன. அவற்றில் ஓர் ஆரோக்கியசாமி. அந்தக் கால எழுத்தர் ‘சாமி’யின் நடுவே ஒரு டபிள்யூ சேர்த்திருந்தார். அந்த ஓர் எழுத்துக்காகத்தான் கணினி அன்று இல்லை என்றது. நானும் இல்லை என்றேன். அக்காவின் அப்பா வீட்டை விட்டுப்போன அதே வருடம், அதே தவக்காலம். பக்கத்துச் சுரங்கப் பகுதியான நந்திதுர்க்கில் காய்ச்சலில் மரணம். ‘உறவினர் தெரியவில்லை.’

இப்போது நட்சத்திரக் குறி இட்டுத் தேடாமல் யாரிடமும் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. அதன் பிறகும், ‘எனக்குக் கிடைக்கவில்லை’ என்றே சொல்கிறேன்.

அந்த ஆரோக்கியசாமி அக்காவின் அப்பாதானா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.