பழுப்புப் பாசியும் ஒரு பிடி உப்பும்

பாசிக்குடாவில் பொறுக்கிய பழுப்புக் கடற்பாசியை ஈரச் சாக்கில் சுற்றி ரயில் கோச்சியில் கொண்டுவந்தோம். எங்கள் பெட்டியில் வேறு யாருமே உட்காரவில்லை. அப்படி ஒரு நாற்றம்! நானும் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் சங்கீத ரீச்சரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரியோ சிரி என்று சிரித்தோம்.

சிரிக்கிற நிலைமையா அது? புளியந்தீவில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் தொடங்கிய தாவரவியல் வகுப்பை இழுத்து மூடவேண்டுமென்று அதிபருக்கு ஒரே ஆசை. மறுநாள் வருகிற பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் சரியென்று தலையை ஆட்டினால் போதும், கதை முடிந்தது. அவரை மடக்க என்னிடம் இருந்தது இந்தப் பாசிதான். இதன் உயிரணுக்களான கலங்கள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத அறைகள் அல்ல. சுவர்களில் கண்ணுக்கு எட்டாத துளைகள். அவற்றின் வழியே ஒரு கலத்தின் உயிர்ப்பொருள் நூலாக நீண்டு அடுத்த கலத்தைத் தொடுகிறது. அந்த நூலை அவர் கண்ணால் பார்க்கவேண்டும்.

பாசி வாடாமலிருக்கச் சங்கீத ரீச்சர் அதைக் கயிற்றில் கட்டி, கடலோடு கலக்கும் வாவிக்குள் இறக்கினார். "உப்புத் தண்ணிதானே, கிடக்கட்டும்" என்றார். மாரிகாலம், கடலுக்குத் திறக்கும் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, வெள்ளம் முட்டி, வாவி நல்ல தண்ணீராகிக் கிடந்தது. வாவிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் அது உறைக்கவில்லை!

விடிந்து கயிற்றை இழுத்தால் பாசி கொழகொழவென்று வந்தது.

"என்னகா இது, கஞ்சியாப் போச்சு!" என்றார் சங்கீத ரீச்சர்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு நுனி மட்டும் விறைப்பாக இருந்தது. அதைச் சவர அலகால் சீவி நுணுக்குக்காட்டியில் வைத்தேன். கலங்கள் ஊதிப்போய்ச் சுவரோடு அப்பிக் கிடந்தன, நூலுமில்லை, ஒன்றுமில்லை. அதற்குள் விறாந்தையில் இன்ஸ்பெக்டரின் சப்பாத்துச் சத்தம்.

"உப்புத்தானே குறைஞ்ச? இந்தா!" என்று சங்கீத ரீச்சர் விடுதிக் குசினிக்கு ஓடி, ஒரு பிடி உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து துண்டின்மேல் விட்டார்.

"ஐயோ, விடுகா!" என்று கத்திக்கொண்டே குனிந்து பார்த்தேன்.

கடவுளே! கலங்களிலிருந்த தண்ணீரை உப்பு உறிஞ்ச, உள்ளே இருந்ததெல்லாம் சுருங்கிச் சுவரை விட்டு விலகியது. ஆனால் துளைகளின் இடத்தில் மட்டும் விடவில்லை. மெல்லிய நூல்கள் இழுபட்டு, பக்கத்துக் கலத்தைப் பிடித்தபடி நின்றன. நான் சங்கீத ரீச்சரைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். வகுப்பில் கூடியிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அதிபரோடு உள்ளே வந்த இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அதிபர் பொறுமையிழந்து தொண்டையைச் செருமினார்.

"அப்ப, வகுப்ப நிப்பாட்டுவமா ஐயா?"

"சும்மா இருங்கோ" என்றார் இன்ஸ்பெக்டர், கண்ணை எடுக்காமலே. "ரீச்சர், இன்னொரு துண்டு வெட்டுங்கோ."